இணையவழிக் கொள்முதல்: ஆணை பெறுவது முதல் பணம் கைசேரும் வரை சிறு நிறுவனங்கள் அறிய வேண்டியவை

மும்பை: காட்கோபர் மேற்கில் எல்.பி.எஸ். சாலையை ஒட்டியும், அங்கிருந்து அசல்ஃபா, சாக்கிநாக்கா வரையிலும் 'காலா' என்று மும்பைவாசிகள் அழைக்கும் சிறு பட்டறை அறைகள் நிறைந்துள்ளன. உலோகப் பாகங்கள், அட்டைப்பெட்டிகள், மின்சாதன உதிரிகள் எனப் பலவகைப் பொருட்கள் இவற்றில் தயாராகின்றன. இப்பட்டறைகளைச் சுற்றியே பெரும் கொள்முதலாளர்களும் உள்ளனர். அடுத்துள்ள விக்ரோலியில் கோத்ரெஜ் தொழிற்சாலை வளாகம் இருக்கிறது. செம்பூர், மாஹுல் பகுதிகளில் பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகியவற்றின் சுத்திகரிப்பு ஆலைகளும், ராஷ்ட்ரீய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையும் இயங்குகின்றன. மத்திய ரயில்வேயும் மும்பை மாநகராட்சியும் ஆண்டு முழுவதும் பொருட்களையும் சேவைகளையும் வாங்குகின்றன.

இத்தகைய நிறுவனங்களுக்கு விற்பனை செய்ய விரும்புவோர், முன்பு நாளிதழில் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பைப் பார்த்து, அலுவலகத்துக்குச் சென்று படிவம் வாங்கி, அரக்கு முத்திரையிட்ட உறையைப் பெட்டியில் போட வேண்டியிருந்தது. இன்று அந்தப் பணி பெரும்பாலும் கணினித் திரைக்கு மாறிவிட்டது. வாய்ப்பு எங்கே இருக்கிறது என்பதை அறிவது எளிதாகியுள்ளது. ஆயினும் சரக்கை ஒப்படைத்த பின்னர் பணத்துக்காகக் காத்திருக்கும் நாட்களே ஒரு சிறு பட்டறையின் நிலையைத் தீர்மானிக்கின்றன. கொள்முதல் முறை எவ்வாறு இயங்குகிறது, பணம் உரிய காலத்தில் கிடைக்கச் சட்டம் என்ன சொல்கிறது என்பவற்றை இத்தொகுப்பு விளக்குகிறது.

இணையவழிக் கொள்முதல் என்றால் என்ன?

ஒரு நிறுவனம் தனக்குத் தேவையான பொருளையோ சேவையையோ தேர்ந்தெடுப்பது, விலை கேட்பது, ஆணை வழங்குவது, சரக்கைப் பெறுவது, பணம் செலுத்துவது ஆகிய அனைத்தையும் ஒரே மின்னணுத் தளத்தில் பதிவு செய்து நடத்தும் முறையே இணையவழிக் கொள்முதல் ஆகும்.

உலக அளவில் இம்முறை 1990-களின் நடுப்பகுதியில் வேரூன்றியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1995-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஃப்ரீமார்க்கெட்ஸ் நிறுவனம், விற்பனையாளர்கள் போட்டியிட்டு விலையைக் குறைத்துக்கொண்டே வரும் 'தலைகீழ் ஏலத்தை' இணையத்தில் நடத்தியது. 1996-இல் தோன்றிய அரிபா நிறுவனம், பெருநிறுவனங்களின் அன்றாடக் கொள்முதலுக்கான மென்பொருளை உருவாக்கியது. 2012-இல் அதனை ஜெர்மனியின் எஸ்ஏபி நிறுவனம் வாங்கியது. அரசுக் கொள்முதலில் தென் கொரியா 2002-இல் நாடு முழுமைக்குமான ஒரே தளத்தைத் தொடங்கி முன்னோடியாக விளங்கியது. இந்தியாவில் டாடா ஸ்டீலும் செயில் நிறுவனமும் இணைந்து 2001-இல் எம்ஜங்ஷன் தளத்தை அமைத்தன. மாநிலங்களில் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் 2003-இல் இணையவழிக் கொள்முதலில் இறங்கியது.

தனியார் நிறுவனங்களில் நடைமுறை என்ன?

தனியார் நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பொதுவாக ஆறு படிகளில் நடைபெறுகிறது.

முதலாவதாக, பொருள் தேவைப்படும் பிரிவு 'இண்டென்ட்' எனப்படும் தேவைக் கோரிக்கையைப் பதிவு செய்கிறது. இரண்டாவதாக, அத்தொகைக்கு அதிகாரம் பெற்ற அலுவலர் ஒப்புதல் அளிக்கிறார். மூன்றாவதாக, பதிவு பெற்ற விற்பனையாளர்களிடம் விலைப்புள்ளி கேட்கப்படுகிறது. தொகை பெரிதாயின் தலைகீழ் ஏலமும் நடத்தப்படலாம். நான்காவதாக, தெரிவு செய்யப்பட்டவருக்குக் கொள்முதல் ஆணை அனுப்பப்படுகிறது. ஐந்தாவதாக, கிடங்கில் சரக்கு எண்ணப்பட்டு, தரம் பார்க்கப்பட்டு, 'சரக்கு பெற்ற குறிப்பு' பதியப்படுகிறது. ஆறாவதாக, விற்பனையாளர் அனுப்பிய இன்வாய்ஸ் சரிபார்க்கப்பட்டுப் பணம் செலுத்தப்படுகிறது.

இவற்றுள் சிறு விற்பனையாளர்கள் அதிகம் சிக்குவது கடைசிப் படியில்தான். கொள்முதல் ஆணை, சரக்கு பெற்ற குறிப்பு, இன்வாய்ஸ் ஆகிய மூன்றையும் மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கிறது. எடுத்துக்காட்டாக, 200 தோல் பைகளுக்கு ஆணை பெற்ற ஒருவர் 200 பைகளுக்கு இன்வாய்ஸ் அனுப்பியிருக்க, கிடங்கில் 198 என்று பதிவாகியிருந்தால், முழுத் தொகையும் நிறுத்தி வைக்கப்படலாம். ஆணை எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும், ஜிஎஸ்டி விகிதம் வேறுபட்டாலும் இதே நிலை ஏற்படும். இதனை எவரும் தொலைபேசியில் அழைத்துச் சொல்வதில்லை; தளத்தில் 'நிறுத்தம்' என்ற குறிப்பு மட்டுமே தோன்றும். சரக்கை இறக்கும்போதே பெற்றுக்கொண்ட எண்ணிக்கைக்குக் கையொப்பமும் தேதியும் வாங்கி வைப்பது இதனால்தான் இன்றியமையாததாகிறது.

அரசுக் கொள்முதலும் ஜெம் தளமும்

மத்திய அரசின் 'கவர்ன்மென்ட் இ-மார்க்கெட்பிளேஸ்' எனப்படும் ஜெம் தளம் 2016 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கப்பட்டது. அதுவரை அரசுத் துறைகளுக்கான விலை ஒப்பந்தங்களைச் செய்துவந்த வழங்கல் மற்றும் அகற்றல் தலைமை இயக்குநரகம் 2017 அக்டோபர் 31 அன்று மூடப்பட்டது. 2016-17-ஆம் நிதியாண்டில் ₹422 கோடியாக இருந்த ஜெம் தளத்தின் வணிக மதிப்பு, 2024-25-ஆம் நிதியாண்டில் ₹5 லட்சம் கோடியைத் தாண்டியது. பொருட்கள் மட்டுமின்றி, பாதுகாவலர் பணி, துப்புரவு, வாகன வாடகை போன்ற சேவைகளும் இத்தளத்தில் வாங்கப்படுகின்றன.

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு பொது நிதி விதிகளில் 149-ஆவது விதி, ஜெம் தளத்தில் கிடைக்கும் பொருட்களையும் சேவைகளையும் அமைச்சகங்களும் துறைகளும் அங்கேயே வாங்க வேண்டும் என்கிறது. வாங்கும் முறை தொகையைப் பொறுத்து மாறுகிறது. தற்போதைய வரம்பின்படி, ₹50,000 வரை தரமும் வழங்கும் காலமும் பொருந்தும் எந்த விற்பனையாளரிடமும் நேரடியாக வாங்கலாம். அதற்கு மேல் ₹10 லட்சம் வரை, குறைந்தது மூன்று வெவ்வேறு தயாரிப்பாளர்களின் பொருட்களை ஒப்பிட்டு, குறைந்த விலையுடையதை வாங்க வேண்டும். ₹10 லட்சத்துக்கு மேற்பட்டால் ஒப்பந்தப்புள்ளியோ தலைகீழ் ஏலமோ கட்டாயமாகும். இவ்வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் காலத்து ஆணையைப் பார்ப்பது நல்லது.

ஜெம் தவிர வேறு தளங்களும் உள்ளன. ரயில்வேக்கு ஐரெப்ஸ் என்ற தனித் தளம் இயங்குகிறது. மகாராஷ்டிர அரசின் மகாடெண்டர்ஸ், தமிழ்நாடு அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளம் ஆகிய இரண்டும் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ஒரே மென்பொருளில் இயங்குகின்றன. ஆகவே திருநெல்வேலியில் ஒரு தளத்தைப் பயன்படுத்தப் பழகியவருக்கு மும்பையின் தளம் அந்நியமாகத் தோன்றாது. இத்தளங்களில் விண்ணப்பிக்க மூன்றாம் வகுப்பு மின்னணுக் கையொப்பச் சான்றிதழ் தேவை. தொழில்நுட்பத் தகுதிகளுக்கு ஓர் உறையும் விலைக்கு ஓர் உறையும் எனத் தனித்தனியே பதிவேற்ற வேண்டும். தொழில்நுட்ப உறையில் தகுதி பெற்றவர்களின் விலை உறை மட்டுமே திறக்கப்படும். தளத்தின் சர்வர் காட்டும் நேரமே இறுதியானது. கடைசி நிமிடத்தில் கோப்பு ஏறாமல் போனால் மேல்முறையீட்டுக்கு வழி அரிது.

சிறு நிறுவனங்களுக்கான சலுகைகள்

குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை 2012 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தமது ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். தொடக்கத்தில் 20 சதவீதமாக இருந்த இந்த இலக்கு 2018-இல் உயர்த்தப்பட்டது. இதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கும், 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் உரியது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் பட்டறைகளில் பணிபுரிந்தோரின் வழித்தோன்றல்கள் வாழும் தாராவிக்கு இந்த ஒதுக்கீடு நேரடியாகப் பொருந்துகிறது. தோல் பதனிடுதல் நகரை விட்டு விலகிய பின்னரும், தோல் பொருட்கள் தயாரிப்பு அங்கு தொடர்கிறது.

ஒப்பந்தப்புள்ளியின்போது கேட்கப்படும் முன்வைப்புத் தொகையிலிருந்து இந்நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆணை கிடைத்த பின் கோரப்படும் நிறைவேற்றல் பிணைக்கு இவ்விலக்கு பொருந்தாது. விலையிலும் ஒரு சலுகை உள்ளது. மிகக் குறைந்த விலை கூறியவர் பெரிய நிறுவனமாக இருந்து, சிறு நிறுவனத்தின் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அக்குறைந்த விலைக்கே இறங்கிவந்து ஆணையில் ஒரு பகுதியைப் பெற அந்தச் சிறு நிறுவனத்துக்கு வாய்ப்பு தரப்பட வேண்டும்.

இச்சலுகைகளைப் பெற 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள 'உத்யம்' பதிவு அவசியம். 2025 ஏப்ரல் 1 முதல் அமலான வரையறையின்படி, இயந்திர முதலீடு ₹2.5 கோடிக்கும் ஆண்டு விற்றுமுதல் ₹10 கோடிக்கும் மிகாதது குறு நிறுவனம். முதலீடு ₹25 கோடிக்கும் விற்றுமுதல் ₹100 கோடிக்கும் மிகாதது சிறு நிறுவனம். இப்பதிவுக்கு அரசு எவ்விதக் கட்டணமும் வசூலிப்பதில்லை. அரசு இணையதளம் போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும் போலித் தளங்கள் குறித்து எச்சரிக்கை தேவை. முகவரி அரசுக்குரிய '.கவ்.இன்' என்று முடிகிறதா எனப் பார்ப்பது முதற்காப்பு. பட்டறை இடம் மாறினால் உத்யம், ஜிஎஸ்டி, கொள்முதல் தளம் ஆகிய மூன்றிலும் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும். முகவரி முரண்பாடும் விண்ணப்பம் தள்ளுபடியாகக் காரணமாகலாம்.

குறைந்த விலையே போதுமா?

தலைகீழ் ஏலத்தில் எதிரே இருப்பவர் யார் என்பது தெரியாது. இறங்கிக்கொண்டே செல்லும் எண் மட்டுமே தெரியும். மூலப்பொருள், கூலி, போக்குவரத்து, பணம் வரும் வரை கட்ட வேண்டிய வட்டி ஆகியவற்றைக் கூட்டி, இதற்குக் கீழே செல்வதில்லை என்ற ஒரு தொகையை ஏலத்துக்கு முன்பே தாளில் எழுதி வைப்பது அனுபவமிக்க விற்பனையாளர்களின் வழக்கம். நட்டத்துக்குப் பெற்ற ஆணையை நிறைவேற்றாமல் விட்டால் பிணைத்தொகையை இழப்பதோடு, குறிப்பிட்ட காலம் தளத்திலிருந்து விலக்கி வைக்கப்படும் அபாயமும் உண்டு.

விலையை மட்டுமே அளவுகோலாகக் கொள்வதன் குறையை அரசும் கவனத்தில் கொண்டுள்ளது. மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபர் 29 அன்று வெளியிட்ட பொது அறிவுறுத்தல்கள், குறிப்பிட்ட பணிகளிலும் ஆலோசனை சாராத சேவைகளிலும் தரத்துக்கும் மதிப்பெண் வழங்க இடமளிக்கின்றன. எனினும் தரத்துக்கான பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

45 நாள் விதி: எந்த நாளிலிருந்து எண்ணுவது?

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன் 15-ஆவது பிரிவின்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் செலுத்த வேண்டும். அந்தக் காலம் எழுத்து மூல ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தம் எதுவும் இல்லையெனில் 15 நாட்களே கெடு.

இந்த நாட்கள் சரக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. சரக்கைப் பெற்று 15 நாட்களுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் குறை எதுவும் தெரிவிக்காவிட்டால், சரக்கு ஒப்படைக்கப்பட்ட நாளே ஏற்கப்பட்ட நாளாகக் கருதப்படும். 'இன்னும் சோதனை முடியவில்லை' என்று வாய்மொழியாகச் சொல்லி மாதக்கணக்கில் காலம் கடத்துவதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஜெம் தளத்தில் இது இன்னும் குறுகியது: சரக்கு பெற்று 10 நாட்களுக்குள் ஏற்புச் சான்றிதழும், அதன் பின் 10 நாட்களுக்குள் பணமும் வழங்கப்பட வேண்டும் என்பதே அங்குள்ள நிபந்தனை.

பல தனியார் கொள்முதல் தளங்களில் 'பணம் 90 நாட்களில்' என்ற நிபந்தனைக்கு 'ஏற்கிறேன்' என அழுத்தினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அவ்வாறு அழுத்திவிட்டதால் உரிமை போய்விட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் இச்சட்டத்தின் 24-ஆவது பிரிவு, பணம் செலுத்துவது தொடர்பான பிரிவுகளுக்குப் பிற சட்டங்களைவிட மேலாண்மை அளிக்கிறது. 15-ஆவது பிரிவும் ஒப்பந்தத்துக்கே 45 நாள் உச்சவரம்பு விதிக்கிறது. 46-ஆவது நாளிலிருந்து வட்டி தொடங்கும்.

16-ஆவது பிரிவின்படி அந்த வட்டி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு. மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிடப்படும். வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18 சதவீதம், அதாவது மாதம் 1.5 சதவீதம். மேற்சொன்ன 200 தோல் பைகளின் விலை ₹1,80,000 எனில், கெடுவுக்குப் பின் இரண்டு மாதத் தாமதத்துக்கான வட்டி ₹5,440 ஆகும்.

வருமான வரியும் இதனுடன் பிணைக்கப்பட்டுள்ளது. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியே 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவின் 'எச்' உட்பிரிவு சேர்க்கப்பட்டு, 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் அமலானது. உரிய கெடுவுக்குள் பணம் செலுத்தாத நிறுவனம், அத்தொகையை அவ்வாண்டின் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் கழிக்கலாம். இதனால் பெரிய நிறுவனங்கள் பதிவு பெற்ற சிறு விற்பனையாளர்களைத் தவிர்க்கக்கூடும் என்ற கவலை 2024-இன் தொடக்கத்தில் வணிக வட்டாரங்களில் எழுந்தது. வாங்கி விற்கும் வணிகர்களுக்கு இப்பாதுகாப்பு பொருந்தாது. உற்பத்தியாளர்களுக்கும் சேவை வழங்குவோருக்கும் மட்டுமே உரியது.

பணம் வராவிட்டால் எங்கே முறையிடலாம்?

2017 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'சமாதான்' இணையதளத்தில் நிலுவை குறித்துப் புகார் பதியலாம். அது மாநில அரசு அமைத்துள்ள குறு, சிறு நிறுவனங்கள் உதவி மன்றத்துக்குச் செல்லும். மன்றம் முதலில் சமரசத்துக்கு முயலும். பலனில்லையெனில் நடுவர் தீர்ப்பு வழங்கும். 90 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் கொள்முதலாளர், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் செலுத்த வேண்டும்.

இங்கு பதிவின் தேதி முக்கியத்துவம் பெறுகிறது. ஒப்பந்தம் செய்த நாளில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் தெரிவித்தது. 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில் இவ்வினா மூன்று நீதிபதிகள் அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. ஆகவே முதல் ஆணையைப் பெறுவதற்கு முன்பே உத்யம் பதிவை முடித்துவிடுவது பாதுகாப்பானது.

நடைமுறையில், தொடர்ந்து ஆணை தரும் நிறுவனத்தின் மீது புகார் செய்யச் சிறு பட்டறைகள் தயங்குகின்றன. அடுத்த ஆணை வராமல் போகுமோ என்ற அச்சமே காரணம். புகாரின்றிப் பணம் பெற உதவும் ஒரு வழியாக 'ட்ரெட்ஸ்' தளங்கள் அமைந்துள்ளன.

ட்ரெட்ஸ் எவ்வாறு இயங்குகிறது?

ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வழிகாட்டுதல்களை வெளியிட்டதைத் தொடர்ந்து இத்தளங்கள் உருவாயின. சிட்பியும் தேசியப் பங்குச் சந்தையும் இணைந்து அமைத்த மும்பையின் ஆர்எக்ஸ்ஐஎல் 2017 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் ஆகியனவும் அதே ஆண்டில் வந்தன.

விற்பனையாளர் தமது இன்வாய்ஸைத் தளத்தில் பதிவேற்றுகிறார். கொள்முதலாளர் அதனை ஏற்கிறார். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வட்டி விகிதத்தைக் குறைத்துப் போட்டியிடுகின்றன. விற்பனையாளர் ஒன்றைத் தெரிவு செய்தால், வட்டி கழித்த தொகை ஓரிரு நாட்களில் அவரது கணக்கில் சேரும். கெடு நாளில் கொள்முதலாளர் அந்த வங்கிக்குச் செலுத்துவார். அவர் செலுத்தத் தவறினாலும் வங்கி விற்பனையாளரிடம் திருப்பிக் கேட்க முடியாது என்பதே இதன் சிறப்பு. ₹1,80,000 இன்வாய்ஸை 45 நாட்களுக்கு முன்பே 9 சதவீத வட்டியில் பணமாக்கினால், தளக் கட்டணம் நீங்கலாக ஏறத்தாழ ₹2,000 செலவாகும்.

ஆண்டு விற்றுமுதல் ₹500 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் ட்ரெட்ஸில் பதிவு செய்ய வேண்டும் என 2018-இல் உத்தரவிடப்பட்டது. 2024 நவம்பரில் அந்த வரம்பு ₹250 கோடியாகக் குறைக்கப்பட்டு, 2025 மார்ச் 31 கெடுவாக அறிவிக்கப்பட்டது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் இதில் அடங்கும். பதிவு கட்டாயமே தவிர, ஒவ்வோர் இன்வாய்ஸையும் கொள்முதலாளர் ஏற்றால்தான் நிதி கிடைக்கும். எனவே ஆணையை ஏற்கும் முன்பே, 'உங்கள் நிறுவனம் ட்ரெட்ஸில் இன்வாய்ஸை ஏற்கிறதா?' என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது பயன்தரும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

- ஆணை ஏற்கும் முன்பே உத்யம் பதிவை முடித்து, அதன் எண்ணை ஒவ்வோர் இன்வாய்ஸிலும் அச்சிட வேண்டும்.
- கொள்முதல் ஆணையின் எண், அளவு, வரி விகிதம் ஆகியவற்றை இன்வாய்ஸுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும்.
- சரக்கு ஒப்படைத்த நாளுக்கான கையொப்பமிட்ட சான்றைப் பாதுகாக்க வேண்டும். 15 நாள், 45 நாள் கணக்குகள் இரண்டும் அதிலிருந்தே தொடங்கக்கூடும்.
- தலைகீழ் ஏலத்துக்கு முன் தாங்கக்கூடிய இறுதி விலையை எழுதி வைத்து, அதற்குக் கீழ் இறங்காதிருக்க வேண்டும்.
- 30-ஆவது நாளில் நினைவூட்டல் கடிதமும், 46-ஆவது நாளில் வட்டியைக் குறிப்பிட்ட கடிதமும் மின்னஞ்சலில் அனுப்பி, நகலைச் சேமிக்க வேண்டும். உதவி மன்றத்துக்குச் செல்ல நேர்ந்தால் இவையே ஆதாரமாகும்.